வரி ரசீது இருந்தது, வரைபடம் இல்லை

சென்னை குரோம்பேட்டையில் அப்பா கட்டிய வீட்டை 2025-ல் விற்றோம். விற்கலாம் என்று முடிவெடுத்த நாளிலிருந்து பத்திரம் பதிவான நாள் வரை பதினோரு மாதம் ஆனது. அதில் வீட்டைச் சரிசெய்ய ஆனது இரண்டு மாதம்கூட இல்லை. மீதி முழுக்கக் காகிதத்துக்கே போனது. மாடி கட்டும்போது அனுமதி வாங்காமல் விட்ட குடும்பங்கள் நம் ஊரில் நிறைய. அப்படி ஒரு வீட்டை விற்க நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மனை முக்கால் கிரவுண்டு, 1,800 சதுர அடி. அப்பா 1986-ல் வாங்கினார். 1988-ல் நகராட்சியில் முறையாக அனுமதி வாங்கித் தரைத்தளம் கட்டினார். 1997-ல், என் கல்யாணத்துக்கு முந்தைய வருடம், மேலே இரண்டு அறை, ஒரு குளியலறை, வெளிப்பக்கமாக ஒரு படிக்கட்டு. இதற்கு அனுமதி வாங்கவில்லை. பிறகு படிக்கட்டுக்கு அடியில் மதிலை ஒட்டி ஒரு கழிவறை. அப்புறம் மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு ஓர் அறை. தம்பி பன்னிரண்டாம் வகுப்பு படித்தது அதில்தான். அப்பா 2019-ல் காலமானார். அம்மாவுக்கு முட்டி வலி அதிகமாகி என்னோடு வேளச்சேரிக்கு வந்த பிறகு வீடு ஓராண்டு பூட்டியே கிடந்தது.

பூட்டிய வீட்டைத் திறந்ததும் முகத்தில் அடித்தது சாக்கடை வாடை. குளியலறைத் தரைத் துவாரங்களில் எப்போதும் நிற்க வேண்டிய தண்ணீர் காய்ந்துவிட்டால் நாற்றமும் கரப்பானும் குழாய் வழியே நேராக மேலே வந்துவிடும். வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை யாரையாவது அனுப்பி, துவாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னால் போதும். அந்த ஒரு வருடம் எங்களுக்கு இது தெரியாமல் போயிற்று.

நான் செய்த பெரிய தவறு, முதலில் பெயின்டரைக் கூப்பிட்டது. கீழ்ப் படுக்கையறையில் ஓதம் ஏறி, சுவரில் உப்புப் பூத்திருந்தது. தலைக்கு மேல் இருக்கும் மேற்தளத்திலும் வட்டமாகக் கறை. "சுரண்டிட்டுப் பட்டி போட்டு ரெண்டு கோட் அடிச்சா புதுசாயிடும்மா" என்றார். 38,000 ரூபாய்க்கு உள்பக்கம் மட்டும் அடித்தோம். புது வீடு மாதிரிதான் இருந்தது.

மூன்றாவது வாரம் வீடு பார்க்க ஒரு கணவன் மனைவி வந்தார்கள். கூடவே ஒரு கொத்தனார். அவர் சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒட்டடைக் கம்பைக் கேட்டு வாங்கினார். அதன் அடிமுனையால் படுக்கையறை மேற்தளத்தை ஓர் ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே போனார். டக், டக் என்று கெட்டியாகக் கேட்டுக்கொண்டு வந்தது. மாடிக் குளியலறைக்கு நேர் கீழே வந்ததும் சத்தம் மாறியது. டொப், டொப். இன்னும் கொஞ்சம் அழுத்தித் தட்டினார். புதுப் பெயின்டோடு சேர்ந்து சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பூச்சு பெயர்ந்து தரையில் விழுந்தது. மேலே தெரிந்த கம்பி செங்கல் நிறத்தில் இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி நகத்தால் சுரண்டினார். ஏடு ஏடாக உரிந்தது. அந்தக் கணவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இது உங்களுக்குத் தெரியுமா, மேடம்?" தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. ஆனால் பெயின்ட் வாடைகூடப் போகாத அறையில் நின்றுகொண்டு சொன்னால் யார் நம்புவார்கள்? அவர்கள் திரும்பக் கூப்பிடவில்லை.

அன்று இரவு தம்பியும் நானும் பேசி, விளம்பரத்தையே எடுத்துவிட்டோம். காகிதம் முதலில், கட்டடம் அடுத்து, பெயின்ட் கடைசி என்று வரிசையைத் திருப்பிப் போட்டோம்.

வில்லங்கம் போட்டுப் பார்த்ததில் முதல் அதிர்ச்சி வந்தது. 1988-ல் வீடு கட்ட அப்பா ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் அடமானக் கடன் வாங்கியிருந்தார். 2003-ல் முழுவதும் கட்டி முடித்து, மூலப் பத்திரத்தையும் திரும்ப வாங்கிவிட்டார். ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யவில்லை. அதனால் இருபது வருடம் கழித்தும் வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே உயிரோடு இருந்தது. அது இருக்கும்வரை வாங்குபவருக்கு எந்த வங்கியும் கடன் தராது. சங்கம் இடம் மாறி, பழைய பேரேட்டைத் தேடி எடுத்து, ரசீது ஆவணம் எழுதிக் கையெழுத்திட மூன்றரை மாதம் ஆனது. வீட்டுக்கடன் அடைத்தவர்கள் பத்திரம் கைக்கு வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாமல், இன்றைக்கே ஒரு வில்லங்கம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்த்துவிடலாம்.

வாரிசுச் சான்று தாசில்தார் அலுவலகத்தில் வாங்கினோம்; அம்மா, நான், தம்பி என மூன்று பேர். பட்டாவை எங்கள் பெயருக்கு மாற்றினோம். பத்திரத்தில் கிழமேல் அடி 60, தென்வடல் அடி 30 என்று இருந்தது. நாடாப் பிடித்து அளந்தால் தென்வடல் ஒரு மூலையில் 29 அடி 4 அங்குலம்தான் வந்தது. அளவையரை வைத்து எல்லை பார்த்து, கையில் இருக்கும் அளவையே விலைப் பேச்சில் சொல்லிவிட்டோம். எட்டு அங்குலத்துக்காகப் பக்கத்து வீட்டு அக்காவோடு சண்டை போட அம்மா சம்மதிக்கவில்லை. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

அப்புறம் மாடி விஷயம்.

அப்பாவின் இரும்புப் பெட்டியில் 1988-ன் வரைபடம் இருந்தது. நீல நிறத் தாள், மடிப்பில் கிழிந்து, ஓரத்தில் நகராட்சி முத்திரை. தரைத்தளம் மட்டும். மாடிக்கு என்னென்ன இருந்தது என்று எடுத்து அடுக்கினேன். சொத்து வரி ரசீதுகள், தனி மின் இணைப்பு அட்டை, தண்ணீர் வரி. அப்பா அடிக்கடி சொல்வார்: "மாடிக்கும் சேர்த்துத்தானே வரி கட்டுறோம், அப்புறம் என்ன?" நாங்களும் அப்படித்தான் நம்பினோம். சொத்து வரி என்பது கட்டடம் இருக்கிறது, பயன்படுகிறது என்பதற்காக வாங்கப்படும் வரி. அது கட்டட அனுமதி ஆகாது. எத்தனை வருட ரசீது வைத்திருந்தாலும் ஆகாது.

அந்த ரசீதுக் கட்டுக்கு அடியில் ஒரு விண்ணப்பப் படிவம் கிடந்தது. 1999 பிப்ரவரி 28-க்கு முன் விதிமீறிக் கட்டிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஏ பிரிவு. எங்கள் மாடி 1997-ல் கட்டியது, அதற்குள் வந்திருக்கும். அப்பா படிவத்தை வாங்கி வந்து, பெயரும் முகவரியும் எழுதி, அதற்கு மேல் நிரப்பாமல் வைத்துவிட்டார். ஏன் என்று அம்மாவுக்கு நினைவில்லை. அந்த வருடம்தான் தம்பி கல்லூரியில் சேர்ந்தான். கையில் பணம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

2012-ல் 113-சி என்று இன்னொரு பிரிவு வந்தது. 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கு. அப்போதும் நாங்கள் கவனிக்கவில்லை. இப்படிப்பட்ட வாய்ப்புகள் எப்போதோ ஒருமுறை திறக்கும், கெடு முடிந்தால் மூடிவிடும். உங்கள் வீட்டில் அனுமதி இல்லாத பகுதி இருந்தால், விற்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் இந்த அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

உரிமம் பெற்ற ஒரு பொறியாளரை அழைத்து முழு வீட்டையும் அளந்து வரையச் சொன்னோம். 7,500 ரூபாய் வாங்கினார். இந்த வீட்டுக்குச் செலவழித்த பணத்திலேயே பலன் தந்த பணம் இதுதான். அவர் மூன்று நிறத்தில் வரைந்து கொடுத்தார்: அனுமதி உள்ளது கறுப்பு, அனுமதி இல்லாதது சிவப்பு, வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே காலியாக விட வேண்டிய பக்கவாட்டு இடைவெளியை அடைத்திருப்பது பச்சை. படிக்கட்டும் அதன் கீழ்க் கழிவறையும் பச்சை. எங்கள் மாடியை அப்போது வரன்முறைப்படுத்த வழி இல்லை என்று தெளிவாகச் சொன்னார். 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையில் உடனடிக் கட்டட அனுமதியைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளம், முதல் தளம் கட்டும் வீடுகளுக்கு. அதைப் பயன்படுத்த முடியுமா என்று தம்பி கேட்டான். "அது இனிமே கட்டுற வீட்டுக்கு சார், கட்டி முடிச்சதைச் சரி பண்றதுக்கு இல்ல" என்றார்.

ஆகவே எங்கள் முன் இருந்தது இரண்டு வழி. மாடியைப் பற்றிப் பேசாமல் விற்பது, அல்லது எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லி விற்பது. முதல் வழியைத்தான் பலரும் சொன்னார்கள். இந்த ஏரியாவில் யார் வீட்டு மாடிக்கு அப்ரூவல் இருக்கிறது என்று ஒரு தரகர் கேட்டார். வக்கீல் வேறு மாதிரி சொன்னார். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத முக்கியமான குறையை விற்பவர் வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும் என்பது 1882-ன் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே இருக்கிறது. அனுமதியின்றிக் கட்டியதைப் பூட்டி முத்திரையிடவும் இடிக்கவும் நகரமைப்புச் சட்டத்தில் அதிகாரம் உண்டு. அந்த நோட்டீஸ் நாளை வாங்கியவர் வீட்டுக் கதவில் ஒட்டப்படும். கொத்தனாரோடு வந்த அந்தக் கணவர் கேட்ட கேள்வியை இன்னொரு முறை கேட்க நான் தயாராக இல்லை. சொல்லியே விற்பது என்று முடிவு செய்தோம்.

எதை இடிப்பது, எதை விடுவது என்பதில் பொறியாளர் சொன்னதைக் கேட்டோம். படிக்கட்டுக்கு அடியிலிருந்த கழிவறையை எடுத்துவிட்டோம். மதில் ஓரம் ஆள் நடக்கும் அளவுக்கு இடம் கிடைத்தது. படிக்கட்டை எடுத்தால் மாடிக்குப் போக வழியில்லை, விட்டுவிட்டோம். மொட்டை மாடி ஆஸ்பெஸ்டாஸ் அறையையும் எடுத்தோம். இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சுத்தியலால் உடைத்து இறக்கக் கூடாது. உடையும்போது கிளம்பும் நுண்ணிய இழைகள் நுரையீரலில் போய்த் தங்கும். புற்றுநோய் வரை கொண்டுபோகும். வேலைக்கு வந்த பையன்கள் முகத்தில் துண்டுகூடக் கட்டாமல் சம்மட்டியோடுதான் ஏறினார்கள். நிறுத்தச் சொல்லி, முகக்கவசம் வாங்கிக் கொடுத்து, ஷீட்டை நன்றாகத் தண்ணீர் விட்டு நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழு ஷீட்டாக இறக்க வைத்தேன். ஒரு நாள் கூலி கூடுதலாக ஆனது. சந்தோஷமாகக் கொடுத்தேன்.

இனி அந்த மேற்தளம். கான்கிரீட் தானாக உதிராது. மாடிக் குளியலறைத் தரைக்குள் போகும் கழிவுநீர்க் குழாயின் இணைப்பு விட்டிருந்தது. வருடக்கணக்காகச் சொட்டிய தண்ணீர் தளத்துக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைத்துவிட்டது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே இடம் போதாமல் கான்கிரீட்டைக் கீழே தள்ளும். அதனால் கீழே பூசுவதற்கு முன் மேலே ஒழுக்கை நிறுத்த வேண்டும். மேஸ்திரி குளியலறைத் தரையை முழுவதும் உடைத்து, குழாயை மாற்றி, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்து, வாசலில் சின்ன வரப்பு கட்டி இரண்டு நாள் தண்ணீர் நிறுத்தி வைத்தார். நான் இரண்டு நாளும் காலையில் வந்து கீழ் அறையில் அண்ணாந்து பார்த்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை என்று உறுதியான பிறகுதான் டைல்ஸ் பதிக்க விட்டோம். இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள். டைல்ஸ் போட்ட பிறகு ஒழுகினால் மறுபடி எல்லாவற்றையும் உடைக்க வேண்டும்.

கீழே, டொப் என்று கேட்ட இடம் முழுவதையும் கொத்தி எடுத்தார்கள். கம்பியைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு இடம் விட்டுக் கொத்தி, கம்பித் தூரிகையால் பளபளப்பு தெரியும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பழைய கான்கிரீட்டும் புதியதும் பிடிப்பதற்கான ரசாயனம் தடவி, பாலிமர் கலந்த கலவையை இரண்டு அடுக்காக அப்பினார்கள். ரொம்பவும் மெலிந்துபோன இரண்டு கம்பிகளுக்குப் பக்கத்தில் பொறியாளர் சொன்னபடி புதுக் கம்பி சேர்த்தார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்து வைத்தேன். இந்தப் படங்கள் பின்னால் எந்த விளம்பரத்தையும்விட அதிகம் பேசின.

குளியலறையும் மேற்தளமும் சேர்த்து 1,15,000. மொட்டை மாடியில் விரிசல் விட்ட தட்டோடுகளை எடுத்துவிட்டு, சரிவு சரிசெய்து புதிதாகப் பதிக்க 90,000. பழைய பீங்கான் ஃபியூஸ் கேரியர்களை மாற்றி, எர்த் போட்டு, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சு வைக்க 32,000. இடிப்பு வேலை 25,000. செப்டிக் டேங்க்கை லாரி வைத்து உறிஞ்சி எடுத்தோம்; யாரையும் உள்ளே இறங்க விடவில்லை, பாதுகாப்புக் கவசமில்லாமல் ஆளை இறக்குவது 2013-ன் சட்டப்படி குற்றம். 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அப்பா தோண்டிய குழியைத் தூர்வாரினோம். அவ்வளவுதான்.

தம்பி மனைவி மாடுலர் கிச்சன் போட்டால் விலை ஏறும் என்றாள். அதற்கு மட்டும் இரண்டரை லட்சம் கேட்டார்கள். அதைச் செய்யவில்லை. முப்பத்தேழு வருட வீட்டை வாங்குகிறவர் இரண்டு வகை. ஒருவர் இடித்துவிட்டுக் கட்டப் போகிறவர். அவருக்கு மனையும் சாலை அகலமும்தான் கணக்கு, நம் சமையலறை செங்கல் குவியல். இன்னொருவர் குடியிருக்கப் போகிறவர். அவருக்கு வேண்டியது ஒழுகாத கூரை, ஷாக் அடிக்காத சுவிட்சு, சுத்தமான பத்திரம். அலமாரி நிறம் அவர் மனைவி விருப்பம். நமக்கு எந்த வகை ஆள் வருவார் என்று முதலிலேயே யோசித்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம்.

மறுபடி விளம்பரம் கொடுத்தபோது வந்த எல்லோருக்கும் அந்த மூன்று நிற வரைபடத்தின் நகலையும் பழுதுபார்த்த படங்களையும் கையில் கொடுத்தேன். பலர் சிவப்பைப் பார்த்ததும் கிளம்பினார்கள். எல்லோரும் தவறாமல் கேட்டது, "2015 வெள்ளத்துல தண்ணி வந்துச்சா?" குரோம்பேட்டை, பல்லாவரம், முடிச்சூர் பக்கம் வீடு விற்பவர் இந்தக் கேள்விக்குப் பதிலோடு இருக்க வேண்டும். வந்தது. வாசல் மூன்று படியில் இரண்டாவது படி வரை. மூன்றாவது படியில் உட்கார்ந்துதான் அம்மா டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படியையே காட்டினேன்.

கடைசியில் வாங்கியவர் ஒரு பள்ளி ஆசிரியர், சொந்த ஊர் செய்யாறு பக்கம். வரைபடத்தை வீட்டுக்கு எடுத்துப்போய், நான்கு நாள் கழித்து ஒரு தாள் நிறையக் கேள்வியோடு வந்தார். வங்கி மதிப்பீட்டாளர் மனைக்கும் தரைத்தளத்துக்கும்தான் மதிப்புப் போட்டார்; மாடியைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. எதிர்பார்த்ததுதான். ஆனால் கடன் தொகை குறைந்ததால் அவர் கையிலிருந்து ஆறு லட்சம் கூடுதலாகப் போட வேண்டியிருந்தது. நாங்கள் விலையில் நான்கு லட்சம் குறைத்தோம். அம்மாதான் முதலில் சொன்னார், குறைச்சுக்கொடு என்று.

ஒப்பந்தத்திலேயே முதல் தளத்துக்குக் கட்டட அனுமதி இல்லை, படிக்கட்டு பக்கவாட்டு இடைவெளியில் இருக்கிறது, இதை அறிந்தே வாங்குகிறார் என்று எழுதி, வரைபடத்தையும் இணைப்பாக வைத்தோம். பத்திரத்தில் மாடியைக் காட்டாமல் விட்டால் முத்திரைத்தீர்வை மிச்சம் என்று எழுத்தர் ஒருவர் யோசனை சொன்னார். கட்டடத்தைப் பதிவுத்துறை நேரில் வந்து பார்க்கும். குறைத்துக் காட்டியது தெரிந்தால் வித்தியாசத் தொகையைக் கட்டச் சொல்லி, அதுவரை பத்திரத்தை நிறுத்தி வைப்பார்கள். இரண்டு தளத்தையும் உள்ளபடியே காட்டினோம். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் அவர் கட்டினார். பாதியை ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாமே என்ற பேச்சையும் அங்கேயே நிறுத்தினோம். வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது.

வரியில் இரண்டு விஷயம் மட்டும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் விலையில் 1 சதவீதத்தை வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். விற்பவர் மூன்று பேர், ஆளுக்கு ஐம்பதுக்குக் கீழ்தானே என்று நாங்கள் நினைத்தோம். 2024 அக்டோபரிலிருந்து மொத்த விலைதான் கணக்கு. மூலதன ஆதாயத்துக்கு, அதாவது விற்றதில் வந்த லாபத்துக்கு, வரி 12.5 சதவீதமா, பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதமா என்று, 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்துக்கு எது குறைவோ அதைக் கட்டலாம். அதற்கு முன் வாங்கிய பழைய சொத்துக்கு 2001 ஏப்ரல் 1-ன் மதிப்பையே வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால், அந்த மதிப்புச் சான்றை ஆடிட்டர் சொல்லி முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தோம்.

சாவி கொடுத்த அன்று, எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் போகிறது, எந்த வால்வு எதை மூடும், செப்டிக் டேங்க் மூடி எந்த டைல்ஸுக்கு அடியில் என்று வரைந்து, மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வந்தேன். போன மாதம் ஆசிரியர் போன் செய்தார். ஐந்தாறு வருடத்தில் எல்லாவற்றையும் இடித்துவிட்டு முறைப்படி அனுமதி வாங்கிக் கட்டப் போகிறாராம். அதுவரை மாடியில் அவருடைய பெண் படிக்கிறாள். கூப்பிட்டது அதற்காக இல்லை. மாடிக் குழாயில் தண்ணீர் வரவில்லை, வால்வு மூன்றா நான்கா என்று மழையில் எழுத்து அழிந்துவிட்டது.

"நாலு சார். இடது பக்கம் திருப்புங்க, முதல்ல கொஞ்சம் இறுக்கமா இருக்கும்" என்றேன்.